வெறுங்கால்

அக்கா, இந்தக் கடிதத்தை மாமாவிடம்கூடக் காட்டாதே, உன் காலில் விழுகிறேன்.

அப்பாவுக்கு மலேரியா ஆபீசின் ஆய்வுக்காகக் காட்டோரத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து, காலில் அமரும் கொசுவை அது கடிப்பதற்குள் குழாயால் உறிஞ்சிப் பிடிக்கும் வேலைதானே? இங்குள்ள கொசு நாம் கொசுவலைக்குள் படுக்கும்வரை காத்திருக்காது. பொழுது சாய்ந்ததுமே வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு முன் அப்பா முதுகுவலியில் படுத்தபோது, ஆபீசுக்குத் தெரியாமல் நான் போய் உட்கார்ந்தேன். குட்டித் தங்கையும் யாருக்கும் சொல்லாமல் ஒட்டிக்கொண்டாள்.

“என் காலுதான் அதுக்கு ருசி, பாருக்கா!” என்று சிரித்தாள். நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

மூன்று நாளாக அவளுக்குக் குளிர்க்காய்ச்சல். வலைக்குள் தூங்குகிறவளுக்கு மலேரியா எப்படி வரும், மழையில் நனைந்ததுதான் என்கிறாள் அம்மா. உண்மையைச் சொன்னால் அப்பாவின் வேலை போய்விடும்.

அம்மா கதவைத் தட்டுகிறாள். “எழுந்திருடி! குட்டி கண்ணே தொறக்க மாட்டேங்கிறா!”

அக்கா, சொல்லிவிடப் போகிறேன்.