ஐந்து ஸ்போக் வீல்களும் மில் மாமாவும்

என் அன்பான அப்பாவுக்கு, உங்கள் ஸ்டெல்லா எழுதுவது.

உங்கள் காரின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை இன்று காலை எடுத்துவிட்டேன். நீங்கள் போன பிறகு முதல் தடவை. இந்தக் கடிதத்தைப் பழைய கார் சங்கத்தின் மலருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். விழுப்புரம் ரைஸ் மில் மாமா அந்த மலரை ஒரு வரி விடாமல் படிப்பவர். படிக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். உங்களுக்கும் மாமாவுக்கும் ஒரே மாதிரி கார். நாற்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது, இரண்டே சீட்டு. உங்கள் காரில் அதோடு வந்த பத்தொன்பது இஞ்ச் ஸ்போக் வீல் ஐந்தும் அப்படியே இருந்தன. அவர் காரில் யாரோ எப்போதோ ஜீப் வீலை மாட்டியிருந்தார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஸ்போக்கெல்லாம் தளர்ந்துவிட்டது, ரோட்டில் உடைந்தால் உயிர் போய்விடும் என்று உங்களைப் பயமுறுத்தினார். ஜீப் வீலை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஸ்போக் வீலை, அது உட்காரும் ஹப்போடு கழற்றிக்கொண்டு போனார். திண்டிவனத்தில் வண்டி வைத்திருப்பவன் எல்லாம் டயரைப் பற்றி உங்களிடம்தான் கேட்பான். அப்படிப்பட்ட நீங்கள், சிநேகிதன் சொன்னான் என்று தலையாட்டினீர்களே, ஏன் அப்பா?

அடுத்த மாதமே மெட்ராஸில் பழைய கார் கண்காட்சி. உங்கள் காருக்குப் பக்கத்தில் நின்ற நடுவரிடம், இந்த வீல் இந்தக் காருடையதே இல்லை என்று இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்தது யார்? அவரேதான். அத்தனை பேர் முன்னால் உங்கள் காரை வரிசையிலிருந்து தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். கப் அவருக்கு. நீங்கள் வீட்டுக்கு வந்து தார்ப்பாயைப் போட்டு மூடினீர்கள். எட்டு மாதத்தில் நீங்களும் இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். நான் அதற்கு மாமாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது கேளுங்கள். போன மாதம், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் நம் ரீட்ரெடிங் கடைக்கு ஒரு புது டிரைவர் ஐந்து டயரோடு வந்தான். எல்லாம் மோட்டார் சைக்கிள் டயர், பத்தொன்பது இஞ்ச். பக்கத்தில் இருக்கிற எழுத்தையெல்லாம் பஃபிங் மெஷினில் தேய்த்து எடுக்க வேண்டுமாம். மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து டயர் எவன் வாங்குவான்? மெல்லக் கேட்டேன். விழுப்புரம் ரைஸ் மில் ஐயாவின் பழைய காருக்காம். மெட்ராஸ் போய்த் தேய்த்து வரச் சொல்லியிருக்கிறார். இவன் சோம்பேறி, வழியிலேயே நம் போர்டைப் பார்த்து இறங்கிவிட்டான்.

உங்களிடமிருந்து பிடுங்கிய வீலுக்குப் போட அவரிடம் டயர் இல்லை அப்பா! அந்த சைஸ் கார் டயர் இங்கே எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. உங்கள் பழைய டயரை நூல் தெரியும்வரை ஓட்டிவிட்டு, கடைசியில் புல்லட் டயரில் வந்து நின்றிருக்கிறார்.

நானே தேய்த்துக் கொடுத்தேன். வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கத்து எழுத்தை வேண்டுமென்றே விட்டேன். அந்த டயர் காரின் பாரத்தைத் தாங்காது என்று தெரியாமல் இல்லை. உங்களை நிறுத்திய அதே இடத்தில், மெட்ராஸில், நடுவரைக் குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷக் கண்காட்சிக்குப் பழைய கார்கள் எல்லாம் நடுவரோடு விழுப்புரத்திலிருந்து கிளம்பி, மெட்ராஸ் போகிற வழியில் திண்டிவனத்தில் டீக்கு நின்றன. நானும் போனேன். மாமா தொப்பியும் கண்ணாடியுமாக இறங்கினார். பக்கத்து சீட்டில் அத்தை. அத்தையும் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. முன்பக்கத்து இடது டயரில் கை வைத்தேன். சுட்டது. ஓரத்தில் கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. இருபத்தைந்து மைல் வந்ததற்கே இந்தக் கதி. மெட்ராஸுக்கு இன்னும் எழுபத்தைந்து மைல்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அப்படித்தான் நின்றேன். அதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன்.

பிறகு நடுவரைக் கூப்பிட்டேன். மாமா என் கையைப் பிடித்து, "இன்னாம்மா இது, மெட்ராஸ் போய் பேசிக்கலாம்மா" என்றார்.

"இந்த டயரு மெட்ராஸ் போவாது மாமா. இது மோட்டார் சைக்கிள் டயரு. எழுத்தைத் தேய்ச்சுக் குடுத்ததே நான்தான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

நடுவர் குனிந்து உள்பக்கம் பார்த்தார். காரை வரிசையிலிருந்து எடுக்கச் சொன்னார். மாமாவே தள்ளினார் அப்பா, டீக்கடைக் கூட்டம் மொத்தமும் பார்க்க. கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. எனக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன்?

கார் நம் கடை வாசலில் நின்றது. உங்கள் வீலை எடுத்துக்கொண்டு அவர் ஜீப் வீலை மாட்டித் தருகிறேன் என்றேன். வேறு வழியில்லாமல் தலையசைத்தார். ஐந்து ஸ்போக் வீலையும் ஹப்போடு கழற்றினேன். தார்ப்பாயின் ஓரத்தை மட்டும் தூக்கி உங்கள் காரிலிருந்து எடுத்த அவருடைய ஜீப் வீலை அவருக்கே மாட்டி அனுப்பினேன். கிளம்பும்போது அத்தை என் பக்கத்தில் வந்து, "உங்கப்பா இருந்தா இப்படி அசிங்கப்படுத்தி இருக்க மாட்டாரும்மா. கமுக்கமா டயரை மாத்திக் குடுத்து அனுப்பி இருப்பாரு" என்றார்கள்.

"ஆமாம் அத்தை. அப்படி இருந்துதான் செத்தாரு" என்றேன்.

அத்தை போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களையும் சேர்த்துத்தானே அந்த டயரில் மெட்ராஸ் அனுப்பப் பார்த்தேன் என்று இப்போது நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஆனால் மாமாவை மட்டும் நினைத்தால் வந்துவிடுகிறது.

வீல்கள் உங்கள் காரில் ஏறிவிட்டன. டயருக்கு இங்கிலாந்துக்கு எழுதியிருக்கிறேன். ரேடியல் வேண்டாம், அந்தக் காலத்துத் துணி அடுக்கு டயர்தான், நாலரை இஞ்ச் அகலம். வெள்ளைப் பட்டை போட்டது பார்க்க நன்றாயிருக்கும் என்றார்கள். இந்தக் காருக்கு வந்தது முழுக் கறுப்பு, அதையே அனுப்புங்கள் என்று எழுதிவிட்டேன். இறக்குமதி லைசென்ஸ் கிடைக்க எத்தனை மாதம் ஆனாலும் சரி, வேறு எதையும் மாட்டமாட்டேன்.

அது வந்ததும் நானே மெட்ராஸுக்கு ஓட்டிப் போவேன். அதே மைதானம், அதே வரிசை. இது யாருடைய கார் என்று நடுவர் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன். மாமா எந்த மூலையில் நின்றாலும் அவர் காதில் விழுகிற மாதிரி சொல்வேன். இது சத்தியம்.

மன்னிக்கிற குணம் மட்டும் உங்களிடமிருந்து வராத உங்கள் மகள்,
ஸ்டெல்லா
திண்டிவனம், 1986