நீ எடுக்கச் சொன்ன வரி

இல்லை, கடைக்காரர் காட்டியதை வாங்கவில்லை. "கேம் ஆட இது போதும் மோளே, நம்பி எடுத்தோ" என்று தம்பானூர்க் கடையில் மலையாளம் கலந்து சொல்லி, ஒரு புது ஃபோனைக் கையில் திணித்தார். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி மேல் உன் ஃபோன் கிடந்தது. இன்று காலை முதல் நம் விளையாட்டு அதில் திறக்கவில்லை. புதிய அப்டேட் வேண்டுமாம். இந்த மாடலுக்கு இனி வராதாம். உன் ஃபோனை எடுத்துப் பையில் வைத்தேன். சூடாகாமல் இருப்பது மட்டும் பழையபடி.

அந்த ஃபோனை நாம் தேர்ந்தெடுத்தது உன் ஆஸ்பத்திரிக் கட்டிலில். புள்ளியியல் வகுப்பில் நாம் படித்த முறை: தேவைகளை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, எது முக்கியம், எவ்வளவு முக்கியம் என்று எண் கொடுப்பது. என் மடியில் லாப்டாப், திரையில் தேவைக்கு ஒரு வரியாக அட்டவணை. நீ கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாய்.

"சூடாகாம இருக்கறதா, பேட்டரியா?"

"சூடு. பேட்டரிக்கு இங்க பிளக் இருக்கே."

"ப்ராஸசரா, கனமில்லாம இருக்கறதா?"

"கனமில்லாம இருக்கறது."

எப்போதும் ப்ராஸசர் கட்சி நீ. நிமிர்ந்து பார்த்தேன். ஊசி ஏற்றிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய்.

கடைசியாக, எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பது.

"எனக்கெதுக்குடி அது? பூஜ்யம் போடு."

"இந்த மெத்தட்ல பூஜ்யமே கெடையாது. துளியாவது கொடுத்தாகணும்."

"அப்போ அந்த வரியையே தூக்கிடு. முழிக்காதே. கேம்ல இவ்வளவு யோசிச்சிருந்தா ஒரு தடவையாவது ஜெயிச்சிருப்பே."

சிரித்தேன். வரியை நீக்கினேன். மீதித் தேவைகளின் பங்குகள் தாமே சற்று விரிந்து இடத்தை நிரப்பிக்கொண்டன. பங்குகளின் கூட்டுத்தொகை மறுபடியும் ஒன்று. எதுவும் குறையவில்லை என்றது திரை.

நீ போன பிறகு வலியசாலை வீட்டில் உன் அம்மா ஃபோனைத் தந்தார். "நீங்க ரெண்டு பேரும் ஆடினது. நீயே வெச்சுக்கோ கொழந்தே." அன்றிலிருந்து அதில்தான் ஆடிவந்தேன். ஆறுதலுக்காக அல்ல. நல்ல ஃபோன். உன் கணக்கு உனக்குச் சரியாகவே இருந்தது.

இப்போதும் எதைத் தேர்ந்தெடுப்பதென்றாலும் முதலில் காதில் விழுவது நீ சொல்வதுதான்: "ரெண்டை மட்டும் பாரு. மத்ததை அப்பறம் பாக்கலாம்."

வீட்டுக்கு வந்து, எனக்கொரு ஃபோன் தேர்ந்தெடுக்க அந்தப் பழைய அட்டவணையைத் திறந்தேன். நீக்கிய வரியைச் சேர்த்தேன். அப்டேட்டா, கனமில்லாமல் இருப்பதா? அப்டேட் என்று போட்டேன். பிறகு அடுத்த இரண்டுக்குப் போனேன்.