நஸீராவின் வெள்ளரி

அஜ்லூன்,
2 மார்ச் 1987

மரியாதைக்குரிய நஸீரா அக்காவுக்கு சலாம்.

என்னிடமிருந்து கடிதம் வரும் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். ஆத்திப்பின் புது மனைவி ஹதீல் எழுதுகிறேன். அவர் உங்களுக்குத் தலாக் சொல்லி, நீங்கள் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு இங்கே தோட்டம் காடாகிவிட்டது. களையெடுத்து மண்ணைக் கிளறி வைத்திருக்கிறேன். குளிர் குறைகிறது. இப்போது எதை ஊன்றலாம்? நான் அம்மான் பட்டணத்தில் மாடி வீட்டில் வளர்ந்தவள், ஒன்றும் தெரியாது.

சாப்பிட உட்கார்ந்தாலே அவர், "நஸீரா வச்ச வெள்ளரி இருந்துச்சே, கடிச்சா சர்க்கரை! உனக்கெல்லாம் அந்தக் கை வராது" என்கிறார். கேட்டுக் கேட்டு உங்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மறைப்பானேன்? சொல்லித் தருவீர்களா?

ஹதீல்

இர்பித்,
7 மார்ச்

ஹதீலுக்கு,

பொறாமை உனக்கா? நல்ல வேடிக்கை. நான் கல் பொறுக்கி, எருச் சுமந்து உண்டாக்கிய தோட்டத்தில் நீ நிற்கிறாய். எனக்கு இங்கே அண்ணி ஒதுக்கியது ஜன்னலோரம் ஒரு புதினாத் தொட்டி.

கேட்டதால் சொல்கிறேன். வெண்டையும் வெள்ளரியும் உடனே ஊன்று. தினமும் நிறையத் தண்ணீர் விடு.

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ரோஜாவைத் தொடாதே. அது என்னுடையது.

நஸீரா

அஜ்லூன்,
30 மார்ச்

நஸீரா அக்காவுக்கு,

ஒரு விதைகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் அத்தனையும் கூழ். அவர் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்: "வந்து பாருங்கய்யா, பட்டணத்து மகாராணியோட விவசாயத்தை!"

அவர் உள்ளே போனதும் பக்கத்து வீட்டு உம்மு கரீம் மெதுவாகக் கேட்டார். "யாரும்மா உன்னை இப்பவே வெண்டை போடச் சொன்னது? மண்ணு இன்னும் ஐஸா கெடக்குதே."

நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. தெரிந்தேதான் எழுதினீர்கள், இல்லையா? இரண்டு நாள் அழுதேன். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதையேதான் செய்திருப்பேன். இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.

ரோஜா மொட்டு விட்டிருக்கிறது. தொடவில்லை.

ஹதீல்

இர்பித்,
4 ஏப்ரல்

ஹதீல் கண்ணு,

ஆமாம், தெரிந்தேதான் எழுதினேன்.

உன் முதல் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தேன். என் வெள்ளரி நன்றாயிருக்கிறது என்று அவர் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. "எங்கக்கா அத்லா தோட்டத்துக் காயைத் தின்ன வாயால இதைத் தின்ன முடியுமா?" என்பார். அந்த அத்லாவோடு நான் பேசி ஆறு வருஷமாகிறது. பாவம், அவள் என்ன செய்தாள்?

இப்போது உண்மையைச் சொல்கிறேன். முள்ளங்கி, உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை மூன்றையும் இந்த வாரமே போடு. கடலையை விரல் ஆழத்துக்கு மேல் புதைக்காதே. மண் சூடேறி, அத்தி மரத்து இலை உள்ளங்கை அகலம் வந்த பிறகுதான் வெள்ளரியும் வெண்டையும். விதை இந்த உறையிலேயே இருக்கிறது. வரப்போகிறவளுக்கு ஒன்றும் மிஞ்சக் கூடாதென்று கிளம்பும்போது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தேன்.

முதல் காயை அவர் தட்டில் வைக்காதே. பறித்த இடத்திலேயே நின்று, உப்புத் தொட்டு நீ தின்னு. நான் ஒருமுறைகூட அப்படித் தின்றதில்லை.

அத்லாவுக்கும் இன்றே எழுத வேண்டும். எப்படி ஆரம்பிப்பதென்றுதான் தெரியவில்லை.

உன் அக்கா,
நஸீரா