செம்பாக்கத்தில் நான் செத்துப்போன சாயங்காலம்

அம்மா,

இன்று காலை பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். மைதாப் பசையின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. எதிர்ச் சுவரில் யாரோ ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பசை இன்னும் காயவில்லை. வட்டத்துக்குள் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, தோற்றம், மறைவு, கீழே அழுகிறவர்களின் பெயர் வரிசை. முன்பின் தெரியாத மனிதர். ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

உனக்குப் போஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரப்பாக்கத்தில் இந்தத் தெருக்காரர்களுக்கு அதில் பெரிய குறை. "பெத்த தாய்க்கு ஒரு போஸ்டர்கூட அடிக்கல, இவ்ளோ சம்பாதிச்சு என்ன பிரயோஜனம்" என்று மாடி வீட்டு அக்கா யாரிடமோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. விழட்டும். கம்ப்யூட்டரில் டிசைன் செய்தே பிழைக்கிறவள் தன் தாய்க்கு அதை மட்டும் ஏன் செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். மாடி வீட்டு அக்காவுக்கு அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை அது. செம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் நீயும் நானும்தான். நீ காலையில் டிபன் பாக்ஸோடு தாம்பரம் சானடோரியத்து எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைக்கக் கிளம்புவாய். நான் கேம்ப் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கிளம்புவேன். "அங்க இன்னாதான்டி கீது, கோயிலுக்குப் போற மாதிரி தெனம் போற?" என்று கேட்பாய். சொன்னால் உனக்குப் புரியாது என்று நினைத்தேன். எனக்கே பாதிதான் புரிந்திருந்தது.

அங்கே எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஒருநாள் மவுஸின் வலது பட்டனை அழுத்திவிட்டு, வந்த பட்டியலில் எதையோ தொட்டேன். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக்குப் பின்னால் இருந்த எழுத்தெல்லாம் வந்து நின்றது. சட்டையை உள்பக்கம் திருப்பினால் தையல் தெரியுமே, அப்படி. தையல்காரியின் மகளுக்குத் திருப்பிப் பார்க்கும் புத்தி வராமல் எங்கே போகும்? அன்றிலிருந்து இதே வேலைதான். ஒரு வரியை மாற்றுவேன், நிறம் மாறும். ஒரு குறியை அழிப்பேன், பக்கமே கவிழ்ந்துவிடும். கவிழ்த்துக் கவிழ்த்தேதான் கற்றுக்கொண்டேன்.

பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கப் பழகிய வாரத்தில்தான் அந்த வினை வந்தது. படம் நடுவில் நிற்க வேண்டும், எழுத்து இருபுறமும், பெயர்கள் கீழே வரிசையாக. எதைப் பார்த்துப் பழகுவது? தாம்பரம் ஸ்டேஷன் சுரங்கப்பாதைச் சுவரில் போகும்போதும் வரும்போதும் நான் பார்த்த டிசைன் கண்ணீர் அஞ்சலிதான். அத்தனை ஒழுங்கான கட்டம் நம் பக்கத்தில் வேறெதிலும் கிடையாது. படத்துக்கு, காலேஜ் விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்த என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அந்த கம்ப்யூட்டரில் இருந்தது. அதையே போட்டேன். பெயரும் என் பெயர். அழுகிறவர்கள் வரிசையில் என் வகுப்புத் தோழிகள். சாவு, அபசகுனம் என்றெல்லாம் தோன்றவே இல்லையம்மா. எல்லாம் நேராக நிற்கிறதா என்பதை மட்டும்தான் பார்த்தேன்.

அப்போதெல்லாம் தமிழ் எழுத்து எல்லா கம்ப்யூட்டரிலும் தெரியாது. நான் தமிழ் ஃபாண்ட் ஏற்றிவைத்த அந்த ஒன்றில்தான் தெரியும். மற்றவற்றில் கொக்கி கொக்கியாக வரும். ஆகவே அந்த ஒன்றிலேயே, இன்டர்நெட்டைத் திறந்ததும் முதலில் வந்து நிற்கிற பக்கமாக என் பக்கத்தை வைத்துவிட்டேன். மறுநாள் வந்து தேட வேண்டாமே என்ற அதிகப்பிரசங்கித்தனம். வைத்துவிட்டு, தோழி ஒருத்தியோடு தாம்பரம் மார்க்கெட்டில் வளையல் வாங்கப் போய்விட்டேன்.

நான் எழுந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் நம் பக்கத்து வீட்டு ரஹீம் அண்ணா. துபாயிலிருந்த தம்பி மெயில் போட்டிருக்கிறாரா என்று பார்க்க வந்தவர். இன்டர்நெட்டைத் திறந்தார். என் முகம் வந்தது. கண்ணீர் அஞ்சலி. மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதி. ரிசல்ட் வரும் சமயம் வேறு; பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டரிலேயே வந்துவிட்டது, ஊருக்கெல்லாம் தெரிந்து நமக்குத்தான் கடைசியில் தெரிகிறது என்று நினைத்தாராம். சென்டரில் யாரிடமும் எதுவும் கேட்காமல் வீட்டுக்கு ஓடியிருக்கிறார், பூட்டிக் கிடந்தது. தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு உன் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, கொஞ்சம் வூட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாராம். நல்ல செய்தியை யாரும் அந்தக் குரலில் சொல்வதில்லை. பாதி வழியில் அவரே தாங்க முடியாமல் வண்டியை ஓரம்கட்டி, விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டார். அதற்குப் பல வருஷம் கழித்து, பட்டாணி உரித்துக்கொண்டே நீ சொன்னாய்: "அந்த வண்டில வரச்சொல்ல இன்னா நெனச்சேன் தெரியுமா? காலைல உப்புமா வச்சுட்டு வந்தனே, துன்னியா, அப்படியே மூடி வச்சுட்டியான்னுதான். வேற எதுவும் மண்டையில ஓடல." நான் அப்போது சிரித்தேன்.

வளையலைக் குலுக்கிக்கொண்டு நான் தெருமுனையில் திரும்பினேன். நம் வாசலில் கும்பல். படியெல்லாம் செருப்பு. ரஹீம் அண்ணாவின் மனைவி முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் இருப்பதே நாம் இரண்டு பேர். நான் இங்கே தெருவில் நிற்கிறேன். அப்படியானால் உள்ளே கிடப்பது யார்? "அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும் கூட்டம் பதறிப் பிளந்தது. எதிர் வீட்டு அம்மா "ஐயோ, முருகா!" என்று கத்திவிட்டார்.

நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை அப்படியே தொங்கியது. என்னைப் பார்த்தாய். அழவில்லை, எழவில்லை. முதலில் என் காலைத்தான் பார்த்தாய். பேய்க்குக் கால் கிடையாதல்லவா? கால் இருந்தது. ரப்பர் செருப்போடு உள்ளே வந்து நின்றிருந்தேன். அப்புறம்தான் எழுந்தாய். பளார் என்று ஓர் அறை விழுந்தது. கை ஓங்கிய வேகத்திலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாய். "எங்கடி போன, எங்கடி போன" என்பதைத் தவிர வேறு வார்த்தை உனக்கு வரவில்லை. வளையல்கள் உடைந்து இருவர் கையிலும் கீறின.

அது என் கைவேலை என்று தெரிந்ததும் எல்லோருடைய கோபமும் என் பக்கம் திரும்பியது. பல்லாவரத்திலிருந்து ஓடி வந்திருந்த மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார். "இனிமே இவள அந்த சென்டர் பக்கமே அனுப்பாத. பொம்பளப் புள்ள வெளையாடுற வெளையாட்டா இது?" தெருவே ஆமாம் போட்டது. ரஹீம் அண்ணா மட்டும், "வுடுங்க மாமா, புள்ள வந்துச்சில்ல" என்றார். நீ உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். என் கம்ப்யூட்டர் அன்றோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னை அப்படி அழவைத்திருந்த குற்ற உணர்விலும், அது போய்விட்டதே என்றுதான் குப்புறப் படுத்து அழுதேன். எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் வராது, அம்மா. அப்போதே அது எனக்குத் தெரியும்.

மறுநாள் நீ வேலைக்குப் போகவில்லை. "வா, அந்தக் கருமத்த எனக்குக் காட்டு" என்றாய். பிளைவுட் தடுப்புக்குள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாய். திறந்தேன். என் முகம் வந்து நின்றது. தைத்த சட்டையைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்தாய். கடைசியில் உன் விரல் நின்றது.

"அழுவுறவங்க பேரெல்லாம் போட்டுக்கீறியே, என் பேரு எங்கடி?"

"மூணு கட்டம்தாம்மா வந்துச்சு. நாலாவது போட்டா கீழ ஓடிடுது."

"மொதக் கட்டத்துல நான் இருக்கணும்டி." உன் குரல் உடைந்துபோயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாய். "ஒரு தெருவே நம்பிடுச்சு. உங்க மாமன் நம்பிட்டான். நானே நம்பிட்டேன். பாவி, அவ்ளோ நல்லா பண்ணிக்கீற. யாரு இன்னா சொன்னாலும் இத்த வுட்டுடாத. ஆனா உயிரோட கீறவங்களுக்குப் பண்ணு."

என் வாழ்நாளில் என் வேலையை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. திருமுடிவாக்கம் லேத் பட்டறைக்கும், கல்யாண மண்டபங்களுக்கும், பள்ளிக்கூடங்களுக்கும் இன்றுவரை வெப்சைட் செய்துகொண்டிருப்பது அந்த உத்தரவில்தான்.

எழுந்திருக்கப் போனவள் மறுபடி திரையை உற்றுப் பார்த்தாய். "ஏன்டி, நேத்து தானே செத்த? இது இன்னிக்குத் தேதி போட்டுக்கீது?"

வேறொரு பக்கத்திலிருந்து எடுத்த நாலு வரியை அந்த இடத்தில் போட்டிருந்தேன். எந்த நாளில் திறந்தாலும் அந்த நாளின் தேதியைத் தானாகவே காட்டும். எனக்கு அப்போது தெரிந்த ஒரே வித்தை. பெருமையாக விளக்கினேன். உன் முகம் வெளிறிவிட்டது.

"அப்போ தெனம் தெனம் சாவியா நீ? அழி. இப்பவே அழி."

அழித்தேன். அப்புறமும் இன்னொரு தடவை திறக்கச் சொல்லி, வெள்ளையாக வந்ததைப் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாய்.

போன மாதம் நீ கீரை ஆய்ந்துகொண்டே, "சாயங்காலம் சீக்கிரம் வா" என்றாய். மத்தியானம் போன் வந்தது. காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை, எதுவுமே இல்லை. உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டேன். வாய்க்கரிசி போட்டது என் கைதான். சாம்பலைக் கரைத்ததும் என் கைதான். இத்தனையும் செய்துவிட்டு இரவில் படுக்கிறேன், தூங்கியும் விடுகிறேன். காலையில் கண்ணைத் திறந்ததும், வேறு எந்த நினைப்பும் வருவதற்கு முன்னால், நீ செத்துப்போனது வந்து எதிரே நிற்கிறது. போன மாதம் நடந்ததாக இல்லை. இன்று, இப்போதுதான் நடந்ததாக. ஒவ்வொரு காலையும் எனக்கு அப்போதுதான் தெரியவருகிறது. ஒவ்வொரு காலையும் தூக்கிவாரிப் போடுகிறது.

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதை எப்படி அழிப்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை, அம்மா.