முகம் காட்ட நேரமில்லாத வசுதேவர்

இன்று காலை செல்வி உன் வசுதேவரைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். வீட்டு வேலைக்குப் புதிதாக வந்தவள். புத்தக அலமாரிமேல் ஒரு சாண் உயர வெண்கலச் சிலை கறுத்துக் கிடப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. "இன்னாமா, கரேல்னு கெடந்துச்சு. இப்ப பாருங்க," என்று ஈரக் கையோடு நீட்டினாள். நீ பார்த்துப் பார்த்து ஏற்றிய பச்சை கலந்த கறுப்பு போய்விட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபோது, இத்தனை வருஷம் கண்ணில் படாத கழுத்து நரம்பு ஒன்று புடைத்துக்கொண்டு தெரிந்தது. உடனே உனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சேலையூரில் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனுக்கு நீ குடி வந்தது எண்பதுகளின் நடுவில். இடுப்பில் நான்கு வயது தீபன், கையில் ஒரு சாக்குப் பை. யாழ்ப்பாணத்தில் சித்திர டீச்சராக இருந்தவள். மன்னாரில் படகேறி, இந்தப் பக்கம் அகதி முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, சிலைப் பட்டறையில், வார்ப்புக்கு முன் மெழுகில் உரு பிடிக்கிற வேலை கிடைத்துத் தாம்பரம் வந்திருந்தாய். கணவரைப் பற்றி நான் கேட்கவில்லை. "வேலைக்குப் போனவர், திரும்பி வரேல்லை," என்று நீயே ஒரு நாள் சொல்லிவிட்டு மெழுகைப் பிசையப் போய்விட்டாய்.

என் வீட்டுக்காரருக்கு உன்னைக் குடி வைத்ததில் விருப்பமே இல்லை. ரயில்வே யார்டு வேலை, போலீஸ் என்றால் பயம். "ரெண்டு வாட்டி வந்து விசாரிச்சிட்டுப் போயிட்டாங்க. நமக்கு எதுக்கு இந்த வம்பு? வேற வீடு பாத்துக்கச் சொல்லு," என்பார் என்னிடம். நீ எதிரில் வந்தால் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொள்வார். நானும் நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனேன். உனக்கு அது தெரிந்திருக்கும்.

பட்டறையில் பகலெல்லாம் அடுத்தவர் கேட்ட நடராஜர். மாலையில் எங்கள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து உனக்கென்று ஒன்று. மெழுகில் கலந்த குங்கிலிய வாசனை என் சமையலறை வரை வரும். இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனிதன், தலைக்குமேல் கூடை, கூடையில் குழந்தை.

"யாரு இது?"

"வசுதேவர் அக்கா. கிருஷ்ணரைக் கொண்டு ஆத்தைக் கடக்கிறார்."

"வசுதேவர் லுங்கியா கட்டியிருப்பாரு?"

"நான் கண்டவர் சாரம்தான் கட்டியிருந்தவர்," என்றாய்.

பிறகு சொன்னாய். படகுக்காரன் கரைக்கு வராமலே உங்களை இறக்கிவிட்டுவிட்டான். இடுப்பளவு தண்ணீர். உனக்குக் கால் சறுக்கியது. உன்னோடு வந்த யாரோ ஒருவர் தீபனைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தார். மணலில் இறக்கிவிட்டு, அடுத்தவரைத் தூக்கத் திரும்பிப் போய்விட்டார். "முகத்தைப் பாக்கேல்லை அக்கா. பேரும் கேக்கேல்லை."

அதனால்தான் முகம் வரவில்லை. செய்வாய், பார்ப்பாய், கட்டைவிரலால் அழுத்தி அழிப்பாய். "ராசா மாதிரி வருது. இல்லாட்டி சாமி மாதிரி வருது." எங்கள் பைபிளிலும் ராஜாவுக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய கதை உண்டு என்றேன். "அங்கயும் ஒரு ராசாவோ?" என்று சிரித்தாய். நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்துவிட்டது. பின்போர்ஷன் பள்ளம். மத்தியானத்துக்குள் உன் வாசற்படி மூழ்கியது. தீபனை இறுக்கிக்கொண்டு நிலைப்படியில் நின்றாய், காலை எடுத்து வைக்கவே இல்லை. நான் வா, வா என்று கத்தியது உன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இவர்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "குடும்மா அவன," என்றார். உன்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார். நாம் கைகோத்துக்கொண்டு பின்னால் போனோம். தெருமுனையில் தண்ணீர் அவர் மார்பைத் தொட்டது. மனிதர் எதிரே பார்க்கவில்லை. அண்ணாந்து அண்ணாந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டு போனார். "டேய், என் முடியப் புடிச்சுக்கோ. நல்லா புடி, எனக்கு வலிக்காது." நீ என் கையை இறுக்கினாய். பயம் என்று நினைத்தேன்.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பிய அன்றே மெழுகுத் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகப் பிடித்தாய். கூடையையே பார்த்து அண்ணாந்த தலை. முன்னால் நின்று பார்த்தால் மோவாயும் தொண்டையும்தான் தெரியும். வார்ப்புக்குக் கொடுக்க நானும் கூட வந்தேன். உலைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மூஞ்சியே தெர்ல?"

"நிண்டு முகம் காட்ட அவருக்கு நேரமில்லை அண்ணை."

வார்த்து வந்ததும் முதலில் என் வீட்டுக்காரரிடம்தான் காட்டினாய். வெகுநேரம் பார்த்துவிட்டு, "காலு ரொம்ப ஒல்லியா இருக்கே," என்றார்.

"உங்கட கால்தான்."

உள்ளே போய்விட்டார். வேறு வீடு என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பேப்பரைப் பாதியில் வைத்துவிட்டுத் தீபனோடு கேரம் ஆடுகிற மனிதராகிவிட்டார்.

தொண்ணூறுகளில் அகதிகளுக்குக் கெடுபிடி கூடியது. உன் அண்ணன் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். பெட்டி கட்டிய அன்று சிலையை எடுத்துத் துணியில் சுற்றி நீட்டினேன். நீ வாங்கிக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும் அக்கா. அவர் தண்ணி கடந்தது காணும்." காணும் என்றால் போதும் என்று அர்த்தம் என்பதை அதற்குள் நான் பழகியிருந்தேன்.

போன தை மாதம் டொராண்டோவிலிருந்து தீபன் பேசினான். சின்னப் பையனாகப் போனவன், குரல் ஆண்பிள்ளைக் குரலாகிவிட்டது. "அம்மா போயிட்டா பெரியம்மா," என்றான். போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். "கேக்குதா பெரியம்மா?" என்று கேட்டான்.

"ஓம், ராசா," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவன் கூப்பிடும்போதெல்லாம் நீ சொல்கிற சொல், உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. மளிகைக் கடையிலும் சபையிலும் எனக்கு ஆமா என்று வராது, ஓம் என்றுதான் வரும். மருமகள் கேலி செய்வாள்.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொருக்கா சொல்லுங்கோ," என்றான்.

சொன்னேன்.