முதல் வரியில் இருக்கும் உங்கள் அளவு

மாமா,

இன்று காலை திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வெள்ளைத் துணி வாங்கி வந்தேன். பலகையில் விரித்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசனை எழுந்தது. நீங்கள் இருந்திருந்தால் மூக்கை வைத்து ஒரு தடவை இழுத்திருப்பீர்கள். நாளை மறுநாள் உங்களுக்கு முதல் வருஷப் படையல். இலைக்குப் பக்கத்தில் வேட்டி சட்டை வைக்க வேண்டும். ரெடிமேட் வாங்கிக்கொள்ளலாம் என்றாள் நம் மகள். கல்யாணமான நாளிலிருந்து நான் தைத்த சட்டையைத்தானே போட்டீர்கள்? இதை மட்டும் எதற்குக் கடையில் வாங்குவது?

அளவு பார்க்கக் கம்ப்யூட்டரைப் போட்டேன். "யம்மா, அப்பா அளவு உனக்குத் தெரியாதா? கடைசியா மார்பு முப்பத்தி நாலு தான இருந்தாரு" என்றாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். நீங்கள் சிதம்பரத்தில் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்தீர்கள். என் அளவு நோட்டு மெஷின் எண்ணெய் ஊறிக் கிழிந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, சி என்கிற மொழியில் என் கடைக்கென்று ஒரு ப்ரோகிராம் எழுதினீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். "ப்ரோகிராம் வாசல்ல நிக்கிற ஆளு. டேட்டாபேஸ் உள்ள இருக்கிற பீரோ. ஆளு சீட்டு எழுதிக் குடுத்தாதான் பீரோ தொறக்கும். செலக்ட்னு எழுதுனா அளவைப் படிச்சுக் காட்டும். அப்டேட்னு எழுதுனா பழசை அழிச்சிட்டுப் புதுசை வச்சிக்கும்" என்றீர்கள்.

"அழிஞ்சது திரும்ப வருமா?"

"வராது. படிக்கறப்ப பயமில்ல. எழுதறப்பதான் பயப்படணும்."

அப்படிச் சொன்ன நீங்களே தப்புப் பண்ணினீர்கள். முதல் வரியில் உங்கள் பெயரையும் அளவையும் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்தாயிற்று. நோட்டில் இருந்த பெண்கள் எல்லாரையும் ஏற்றியாயிற்று. பிறகு ஒரு நாள், இளைத்துப்போயிருந்த எதிர்வீட்டு டீச்சரின் அளவை மாற்றச் சீட்டு எழுதினீர்கள். அதில் யாருடைய அளவு என்று எழுத மறந்துவிட்டீர்கள். எனக்குத் தெரியாது. அந்த வாரம் கம்ப்யூட்டர் காட்டியபடியே வெட்டித் தைத்தேன். வாடிக்கையாகத் தைக்க வரும் கமலாக்கா ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, அது முழங்கைக்கு மேல் ஏறாமல் போகவே, "இன்னாடி இது, எனக்குத் தைச்சியா, எம் மருமவளுக்குத் தைச்சியா?" என்று கத்தினாள். பார்த்தால், சீட்டில் பெயர் இல்லாததால் எல்லார் பெயருக்கு நேராகவும் டீச்சர் அளவு.

தலையில் அடித்துக்கொண்டீர்கள். "போச்சு புள்ள. கடலூர் பூரா டீச்சராயிட்டாங்க."

நல்லவேளை, பழைய நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் படிக்க, நீங்கள் தட்டினீர்கள். "முப்பத்தெட்டு." "ம்." "கை ஒம்பதரை." "ம்." அன்று வேறு பேச்சே இல்லை. ஆனால் திருவந்திபுரம் கோயிலுக்குப் போன நாட்களைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் திரும்ப வேண்டும் என்றிருக்கிறது. உங்கள் வரியும் அழிந்துபோயிருந்தது. நோட்டில் நீங்கள் இல்லை. எழுந்து நிற்கச் சொல்லி டேப்பைச் சுற்றினேன். கூச்சத்தில் நெளிந்தீர்கள். மார்பு நாற்பது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைச் சேர்த்தீர்கள். எந்த அளவை மாற்றினாலும் எழுதுவதற்கு முன்னால், "டெய்லரம்மா, நல்லா பாத்தியா?" என்று திரையில் வரும். ஆமாம் என்பதற்கு 'ஒய்' எழுத்தைத் தட்டினால் எழுதும். இல்லை என்பதற்கு 'என்' எழுத்தைத் தட்டினால் மாற்றாமல் விட்டுவிடும்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கூட்டிவந்தபோது சட்டை கொடியில் போட்டதுபோலத் தொங்கியது. டேப் வைத்தேன். முப்பத்தி நாலு. உங்கள் பெயரை வரவழைத்து அதைத் தட்டினேன். கேள்வி வந்தது. நீங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தீர்கள். திரும்பி உங்களைப் பார்த்தேன். என் விரல் 'என்' எழுத்தில் போய் விழுந்தது.

"ஏன்? இருக்கறத எழுதிக்கோ. பீரோவுக்குப் பொய் சொல்லக் கூடாது" என்றீர்கள்.

"பொய் இல்ல மாமா. உடம்பு தேறுனா திரும்ப யாரு மாத்தறது?"

சத்தம் வராமல் சிரித்தீர்கள். உங்கள் பழைய சட்டைகளைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தேன். துணியை வெட்டவில்லை. பிரித்துவிட வாகாக உள்ளே மடித்துத்தான் விட்டேன். பிரிக்க வேண்டிய நாள் வரவில்லை.

இன்று உங்கள் பெயரைத் தட்டினேன். நாற்பது என்று வந்தது. மகள் என் தோள்வழியாகப் பார்த்தாள். "சரிம்மா, அதுலயே தை" என்றாள். படையல் முடிந்ததும் சட்டையை யாருக்காவது கொடுக்க வேண்டும். அதற்கு நாற்பது மார்புள்ள ஆளாகப் பார்க்க வேண்டும்.

கடைக்கு வருகிறவர்கள் இளைக்கிறார்கள், பெருத்துப்போகிறார்கள். அவர்கள் வரிகளில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். உங்கள் வரியைப் படிப்பதோடு சரி. படிப்பதற்குக் கேள்வி வராது. ஆனாலும் துணியில் கத்திரியை வைத்தபோது நீங்கள் கேட்டதுபோலவே இருந்தது.

நல்லா பாத்தேன் மாமா.