கண்ணாடியில் தெரிந்த வெண்டல்

பிப்ரவரி 8, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று கழிவுக் குழாயைக் கழற்றாமலே, படுக்கையும் கழிப்பறையுமாக ஓடும் எங்கள் வீட்டு வண்டியை நகர்த்திவிட்டேன். என் கணவர் வெண்டல் செத்துப்போன பிறகு முதல்முறையாகச் சாவியைத் தொட்டேன். குழாய் பாம்பு மாதிரி தெருவரைக்கும் என் பின்னாலேயே வந்தது. பக்கத்து வீட்டு லமார் காபிக் கோப்பையோடு நின்று பார்த்தான். மதியத்துக்குள் மொத்தச் சர்ச்சுக்கும் தெரிந்துவிட்டது. கழிவுத் தொட்டி காலி என்பதை மட்டும் எவனும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் கடலோர முகாமில் ஆகஸ்ட் மாதத்துக்கு இன்றுதான் முன்பதிவு திறந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உட்காருவதற்குள், நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடமெல்லாம் போய்விட்டது. கிடைத்தது ஒன்றுதான். பின்னோக்கியே நுழைக்க வேண்டும். இருபுறமும் மரம், பின்னால் சரிவு, அதற்குக் கீழே கடல்.

கெரியிடம் சொன்னேன். என் மகள், கறாரானவள். "நீயா ரிவர்ஸ்ல நிறுத்திக் காட்டு, அப்புறம் பிள்ளைங்கள அனுப்புறேன். இல்லேன்னா வண்டிய வித்துடும்மா" என்றாள்.

செப்டம்பரில் பிள்ளைகளோடு ஒஹையோவுக்குக் குடிபோகிறாள், வேலை மாற்றம். பேரப்பிள்ளைகள் ஹாட்லியும் டோபினும் என் பக்கம் இருக்கும் கடைசிக் கோடை இது.

மார்ச் 1

ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் காலி வண்டி நிறுத்தத்தில் பழகினேன். மரங்களுக்குப் பதிலாகக் குப்பைத்தொட்டிகள். இரண்டைக் கொன்றேன்.

மார்ச் 8

மழை. எப்படி எழுதுவது?

வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஓர் உருவம் தெரிந்தது. ஆரஞ்சு மழைக்கோட்டு, தலைமூடி போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. கையை மேலே தூக்கி, வா வா, இன்னும் வா. பிறகு முஷ்டி — நில். அப்படியே செய்தேன். தொட்டிகளுக்கு நடுவே, கோடு போட்ட மாதிரி நேராக வந்து நின்றது வண்டி.

இறங்கிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

வெண்டல்தான். தன் வண்டியில் கீறல் விழுமே என்று செத்தும் பதறுகிற மனிதர் வேறு யார்?

மார்ச் 10

யாரிடமும் சொல்லவில்லை. லமாரிடம் மட்டும் சொன்னேன். அதாவது, எல்லோரிடமும்.

ஏப்ரல் 12

பின்னோக்கி எடுத்தால் மட்டும் வருகிறார். மழை இல்லாத நாளிலும் அதே மழைக்கோட்டு. "அக்டோபர்ல விட்டுட்டுப் போயிட்டு இப்ப என்ன கைகாட்டுறே" என்று திட்டினேன். அசையவில்லை. கை மட்டும், வா வா.

ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு வாரமும் சற்றுத் தள்ளி நிற்கிறார். முதலில் தொட்டிகளுக்கு அருகில். பிறகு தார்த்தரையின் விளிம்பில். இன்று புல்லில். முஷ்டியும் தாமதமாகத்தான் உயர்கிறது.

அந்த முகாமில் பின்னால் கடல்தானே. அங்கே எங்கே நிற்பார்? எதுவரை கூப்பிடுவார்? உள்ளே இரண்டு பிள்ளைகள் இருப்பார்களே — நான் நிறுத்துவேனா? நிறுத்துவேன். நிறுத்துவேன்தானே?

மே 17

பரீட்சை. கெரி பிள்ளைகளோடு வந்தாள். டோபின் தொட்டிகளுக்கு மரம் மாதிரி இலை வரைந்து ஒட்டினான். ஒரே முயற்சி, ஒரு அங்குலம் பிசகவில்லை. ஹாட்லி கைதட்டினாள். கெரிக்குக் கண் கலங்கிவிட்டது. "சரிம்மா. கூட்டிட்டுப் போ."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடுகிற வாயா இது? "உங்கப்பாதான்டி பின்னால நின்னு கைகாட்டினாரு, பழைய மாதிரியே" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

கெரி சிரிக்கவில்லை. நெடுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நானும் வரேம்மா. நான் ஓட்டுறேன்" என்றாள்.

மே 18

முகாமுக்குத் தொலைபேசி செய்து கடலோர இடத்தை விட்டுவிட்டேன். பொதுக் கழிப்பறையை ஒட்டிய வரிசையில் ஒன்று தந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நாறும் என்று லமார் சொல்கிறான். நாறட்டும். நாலு பேரும் போகிறோம்.

கெரி ஏன் அப்படிப் பார்த்தாள் என்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. வெண்டல் எத்தனையோ கோடை வண்டி ஓட்டினார், ஓட்டுநர் இருக்கையை விட்டு ஒருமுறைகூட இறங்கியதில்லை. அந்த ஆரஞ்சு மழைக்கோட்டில், மழையில் பின்னால் நின்று கைகாட்டியது எப்போதும் நான்தான்.